கை அச்சு கிட்: சென்னைத் தண்ணீருக்குச் சரிப்படுமா? பெட்டிக்குள் என்ன, வெளியே என்ன வாங்கலாம்

இணையக் கடைகளில் 'முப்பரிமாண கை அச்சு கிட்' என்று தேடினால் பல பெயர்களில் பெட்டிகள் வரிசையாக வரும். அட்டைப் படம்தான் வேறு வேறு, உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். ஆல்ஜினேட் என்கிற அச்சுப் பவுடர் ஒரு பை, பிளாஸ்டர் ஒரு பை, பிளாஸ்டிக் வாளி, தங்க நிற பெயின்ட் குப்பி, பிரஷ், உப்புத்தாள், மரக்குச்சி, ஒரு செய்முறைத் தாள். தண்ணீரில் கரைத்த ஆல்ஜினேட்டுக்குள் குழந்தை சில நிமிடம் கையை வைத்திருந்தால் அது ரப்பர் போல இறுகும். கையை உருவியதும் கிடைக்கும் குழியில் பிளாஸ்டரை ஊற்றினால், விரல் மடிப்பும் நக ஓரமும் உள்ளங்கை ரேகையும் அச்சு அசலாக வரும். குழந்தையின் கை அளவு அடுத்த வருடம் திரும்ப வராது என்பதால், பெரியவர்கள் இதற்குக் கொடுக்கும் மெனக்கெடலில் அர்த்தம் இருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பொருள் நல்ல பொருள், நம்பி வாங்கலாம். ஆனால் கூட வரும் செய்முறைத் தாளை நம்பிச் சென்னையில் இதைச் செய்தால் முதல் முயற்சி வீணாவதற்கே வாய்ப்பு அதிகம். 'அறை வெப்பநிலையில் உள்ள தண்ணீர்' என்று தாளில் இருக்கும். 20 டிகிரி அறைக்கு அது சரி. மே மாத மதியம் மொட்டை மாடி டேங்கிலிருந்து இறங்கும் தண்ணீர் 35 டிகிரியைத் தாண்டிவிடும். அதில் கரைத்தால் கட்டி உடைத்து முடிப்பதற்குள்ளேயே வாளியில் பாதி இறுகியிருக்கும். 'பவுடர் மட்டம், கலக்கும்போதே கல்லாகிவிட்டது' என்று விமர்சனப் பகுதிகளில் வரும் புகார்களில் பெரும்பாலானவை பவுடரின் குற்றமல்ல, தண்ணீரின் சூடு.

காரணம் எளிது. ஆல்ஜினேட் பழுப்பு நிறக் கடல்பாசியிலிருந்து எடுக்கும் உப்பு. பவுடரில் அதனுடன் கால்சியம் சல்பேட்டும், இறுகுவதைச் சற்றுத் தள்ளிப்போடும் ஒரு பாஸ்பேட்டும் கலந்திருக்கும். தண்ணீர் பட்டதும் கால்சியம் முதலில் பாஸ்பேட்டுடன் சேரும், அது தீர்ந்ததும் ஆல்ஜினேட்டைப் பிணைக்கும். அந்த நொடியில் கூழ் ஜெல்லாகிறது. தண்ணீர் எவ்வளவு சூடோ அவ்வளவு வேகம். சென்னையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல பகுதிகளில் போர் தண்ணீர் கடின நீர், அதிலேயே கால்சியம் நிறைய இருக்கும். அதுவும் சேர்ந்து அவசரப்படுத்தும். ஆகவே கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோதான் வேண்டும்.

குளிர்ச்சிக்குக் கணக்கு இப்படி. ஃபிரிட்ஜில் ஓர் இரவு வைத்த தண்ணீர் சுமார் 8 டிகிரி இருக்கும். வெயில் காலத்தில் வெளியே இருக்கும் கேன் தண்ணீர் 32 டிகிரி. இரண்டையும் சரிசமமாகக் கலந்தால் 20. மார்கழி, தை மாதங்களில் கேன் தண்ணீர் 26-ஐ ஒட்டி இருக்கும், அப்போது மூன்று பங்கு கேன் தண்ணீருக்கு ஒரு பங்கு ஃபிரிட்ஜ் தண்ணீர் போதும். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை இதற்கு எடுக்க வேண்டாம், பெரும்பாலானவை 32 டிகிரிக்குக் கீழே எண்ணே காட்டாது. ஐஸ் வாட்டராகவே ஊற்றிவிடுவதும் தப்பு. இறுக அதிக நேரம் எடுக்கும், குழந்தை குளிர் தாங்காமல் கையை இழுத்துவிடும்.

எந்தப் பை வாங்கினாலும், குழந்தையை உட்கார வைப்பதற்கு முன்னால் ஒரு டம்ளரில் சோதனை செய்துவிட வேண்டும். 10 கிராம் பவுடர், 30 மி.லி. தண்ணீர். தண்ணீர் பட்ட நொடியிலிருந்து கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். விரலில் ஒட்டாத நிலைக்கு நான்கைந்து நிமிடத்தில் வந்தால் அது சரியான சூடு. மூன்று நிமிடத்துக்குள் இறுகினால் இன்னும் குளிர்ந்த தண்ணீர், ஆறைத் தாண்டினால் குளிர்ச்சியைக் குறைக்க வேண்டும். இந்த ஒரு ஸ்பூன் செலவு முழுப் பையைக் காப்பாற்றும். பத்து நிமிடம் ஆகியும் இறுகவே இல்லை என்றால் பவுடர் ஈரம் குடித்துக் கெட்டுவிட்டது என்று அர்த்தம். திருப்பி அனுப்பிவிடலாம்.

கிட்டில் வரும் வாளி அடுத்த பிரச்சினை. பெரும்பாலும் அது அப்பா, அம்மா கையோடு குழந்தை கையையும் கோத்து எடுக்கிற அளவுக்குப் பெரிது. தனிக் குழந்தைக் கைக்கு அதை நிரப்பப் பவுடர் போதாது. பவுடரை நீட்ட அதிகத் தண்ணீர் விட்டால் ஜெல் பலமிழந்து, கையை உருவும்போது கிழியும். இரண்டு மூன்று வயதுக் குழந்தையின் ஒரு கைக்கு ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா போதும். நேர்ச் சுவராகவும் உயரமாகவும் இருந்தால் இன்னும் நல்லது. விரல் நுனிக்கும் டப்பாவின் அடிக்கும் நடுவே இரண்டு சென்டிமீட்டர், பக்கவாட்டிலும் அதே அளவு இடைவெளி வேண்டும். விரல் சுவரைத் தொட்டால் அந்த இடத்தில் அச்சில் ஓட்டை விழும்.

எவ்வளவு கரைப்பது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. குழந்தை காலி டப்பாவுக்குள் கையை வைத்திருக்க, மணிக்கட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே வரும் வரை வெறும் தண்ணீரை ஊற்றிப் பார்க்கவும். கையை எடுத்ததும் மிஞ்சும் தண்ணீர்தான் தேவையான கலவையின் அளவு. அதில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டால் எடுக்க வேண்டிய தண்ணீர் கிடைக்கும், அதில் மூன்றில் ஒரு பங்கு எடையில் பவுடர். அதாவது டப்பாவில் 600 மி.லி. மிஞ்சினால் 540 மி.லி. தண்ணீர், 180 கிராம் பவுடர். பையிலேயே ஒரு பங்கு பவுடருக்கு நான்கு பங்கு தண்ணீர் (1:4) என்று போட்டிருந்தால் அதன்படி போகலாம். கப் கணக்கு வேண்டாம். பை அடியில் பவுடர் அமுங்கியிருக்கும், மேலே பொங்கியிருக்கும். கிச்சன் தராசில் எடை போடுவதுதான் நம்பகமானது. தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் இந்த ஒத்திகைக்கு இன்னொரு பயனும் உண்டு: எங்கே கை வைக்க வேண்டும், எவ்வளவு நேரம் அசையக் கூடாது என்பது குழந்தைக்கு விளையாட்டாகவே பழகிவிடும். மூன்று வயதைத் தாண்டியவர்களிடம் 'ஸ்டாச்சூ' என்று சொன்னாலே போதும், உடம்பே அசையாது.

வயதைப் பற்றிப் பல அட்டைகள் ஒன்றும் சொல்வதில்லை, சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்குள், குறிப்பாக முதல் மூன்று நான்கு மாதங்களில், குழந்தை பெரும்பாலும் கையை இறுக்கி மூடியே வைத்திருக்கும். அந்த முஷ்டியில் அச்சு எடுத்தால் விரலெல்லாம் ஒன்றாக ஒட்டிய உருண்டைதான் வரும். அந்த வயதுக்குக் கால்தான் சரி, அதுவும் பால் குடித்துத் தூங்கும் நேரத்தில். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை எல்லாவற்றிலும் கஷ்டமான காலம். விழித்திருந்தால் நிற்காது, தூங்கும்போது குளிர்ச்சி பட்டால் எழுந்துவிடும். இந்த வயதில் அழ வைத்துப் பிடித்து அழுத்துவதை விட, கீழே சொல்லும் களிமண் தகட்டுக்குப் போவது உத்தமம். மூன்று வயதிலிருந்து இந்தக் கிட் உண்மையிலேயே குழந்தையோடு சேர்ந்து செய்யும் வேலை ஆகிறது. தண்ணீரை அளப்பது, எண்ணுவது, கடைசியில் ஜெல்லை உரிப்பது எல்லாம் அவர்களுடைய பங்கு. பவுடர் பையைத் திறந்து கொட்டுவது மட்டும் பெரியவர் வேலை. மாஸ்க் போட்டுக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, குழந்தையை அடுத்த அறையில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். இந்தப் பவுடர்களின் நுண்தூசி நுரையீரலுக்கு ஆகாது.

கையைத் தயார் செய்வதில் சில கவனங்கள். வளையல், கருப்புக் கயிறு, காலுக்கென்றால் கொலுசு, தண்டை எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கொலுசு மணியைச் சுற்றி ஜெல் இறுகினால் கால் வெளியே வரும்போது அச்சு அங்கேயே கிழியும். நகம் வெட்டியிருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார்கள். மணிக்கட்டில் ஒரு துளி தடவினால் போதும், உள்ளங்கை முழுக்கத் தடவினால் எண்ணெய்ப் படலம் ரேகையை மழுங்கடிக்கும். கரப்பான், புண், கீறல் இருக்கும் தோலில் இதைச் செய்யவே வேண்டாம்.

கலக்க ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. பவுடரை ஒரே தடவையில் கொட்டி, கம்பி விஸ்க்கால் டப்பாச் சுவரோடு அழுத்தித் தேய்த்துக் கலக்க வேண்டும். கேக்குக்கான மின் பீட்டர் வைத்தால் காற்றை அடித்து நுரையாக்கிவிடும், ஒவ்வொரு நுரையும் பிறகு பிளாஸ்டர் கையில் மருவாக நிற்கும். தோசை மாவுப் பதம் வந்ததும் கொஞ்சம் எடுத்துக் குழந்தையின் விரல் இடுக்குகளில் முதலில் பூச வேண்டும். இதைச் செய்முறைத் தாள்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. தோலில் ஒட்டும் காற்றுக் குமிழ்கள் விரல் மடிப்பிலும் நகத்தடியிலும்தான் தங்கும், பூசிவிட்டால் அவை இல்லை. பிறகு கையை உள்ளே விட்டு, விரலை ஒருமுறை அசைத்து, டப்பாவைத் தரையில் நாலைந்து முறை தட்டி, அப்புறம்தான் ஸ்டாச்சூ.

குழந்தை நிற்க வேண்டாம், மடியில் உட்கார்ந்து கை கீழே தொங்குவது போல இருந்தால் தோள் வலிக்காது. மேல்பரப்பை விரலால் அழுத்தினால் ஒட்டாமல், குழி விழாமல் எழும்பி வர வேண்டும். அதன் பிறகும் முப்பது நொடி பொறுக்கவும், ஏனென்றால் கையின் சூட்டால் பக்கத்தில் இருப்பது முதலில் இறுகி, டப்பா ஓரத்தில் இருப்பது கடைசியில் இறுகும். வெளியே எடுக்கும்போது இழுக்கக் கூடாது. உள்ளே வெற்றிடம் பிடித்திருக்கும். மணிக்கட்டைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, புழு நெளிவதைப் போல விரல்களை மெல்ல நெளிக்கச் சொன்னால் காற்று உள்ளே போய்க் கை தானாக வழுக்கி வரும். இந்த நெளிப்பைக் குழந்தைகள் சிரித்துக்கொண்டே செய்வார்கள்.

அச்சு கிடைத்தபின் சாவகாசம் கூடாது. ஜெல்லில் பெரும்பகுதி தண்ணீர். காற்று பட்டால் தண்ணீர் கசிந்து சுருங்கும், ஃபேன் காற்றில் இன்னும் வேகமாக. இருபது நிமிடத்துக்குள் பிளாஸ்டர் உள்ளே போக வேண்டும். அதுவரை ஈரத் துணி மூடி வைக்கலாம். தண்ணீரில் மூழ்கடித்து வைத்தால் உப்பிவிடும்.

இங்கேதான் கிட்டின் நிஜமான பலவீனம் இருக்கிறது. பல பெட்டிகளில் வருவது சாதாரண பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். சாமி சிலைக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் அது போதும். ஒரு வயதுக் குழந்தையின் சுண்டுவிரல் அளவு மெல்லிய வார்ப்புக்குப் போதாது. உரிக்கும்போது விரல் நுனி ஒடியும். டென்டல் ஸ்டோன் என்று பல் மருத்துவத்தில் பல் மாதிரி எடுக்கப் பயன்படுத்தும் பவுடர் இருக்கிறது. வேதியியலில் இரண்டும் ஒரே பொருள், ஆனால் ஸ்டோனின் துகள் அடர்த்தியானது, அதற்குத் தண்ணீர் குறைவாகப் போதும், அதனால் காய்ந்தபின் மிகவும் கெட்டி. 100 கிராம் ஸ்டோனுக்கு 30 மி.லி. தண்ணீர். சாதாரண பிளாஸ்டருக்கு 50 மி.லி. மூன்று வயதுக் கைக்கு மணிக்கட்டு வரை 200 கிராம் ஸ்டோன், 60 மி.லி. தண்ணீர் கலந்தால் சுமார் 130 மி.லி. கலவை கிடைக்கும், அது பெரும்பாலும் போதும். 'இறுகலாக இருக்கிறதே' என்று கூடுதல் தண்ணீர் ஊற்றினால் ஸ்டோன் வாங்கியதே வீண். பவுடரைத் தண்ணீரில் தூவி, முப்பது நொடி ஊற விட்டு, பிறகு கலக்கினால் தானாகவே இளகும்.

ஊற்றும் விதமும் முக்கியம். அச்சில் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்து வடித்துவிட்டு, முதலில் இரண்டு ஸ்பூன் மட்டும் விட்டு, டப்பாவைச் சாய்த்துச் சுழற்றி ஒவ்வொரு விரல் குழியிலும் அது ஓட விட வேண்டும். மிஞ்சியதை வெளியே ஊற்றிவிட்டு மறுபடியும் அதே. பிறகு மெல்லிய தாரையாக ஒரே பக்கத்திலிருந்து நிரப்பி, தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நேராகக் கொட்டினால் விரல் நுனிகளில் காற்று சிறைப்பட்டு, மொட்டை விரலோடு கை வெளியே வரும்.

ஓர் எச்சரிக்கையைத் தாள்கள் சின்ன எழுத்தில் போடுகின்றன, பெரிதாகப் போட வேண்டியது அது. ஆல்ஜினேட் நடுவில் தேவையில்லை, நேராகப் பிளாஸ்டரில் கையை விட்டுவிடலாம் என்று யாரும் முயலக் கூடாது. பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும், கட்டியாக இருந்தால் தோலைச் சுடுமளவுக்கு. இறுகியபின் கையை வெளியே எடுக்கவும் முடியாது. 2007-ல் இங்கிலாந்தில் ஒரு பள்ளியின் ஓவிய வகுப்பில் 16 வயது மாணவி வாளிப் பிளாஸ்டரில் கைகளை வைத்து, தீப்புண்ணால் விரல்களை இழந்திருக்கிறாள்.

ஸ்டோன் முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் இருக்கட்டும். தொட்டால் சூடு இறங்கியிருக்க வேண்டும். இரவு முழுக்க விட்டால் ஜெல் காய்ந்து தோலாக ஒட்டிக்கொள்ளும், பிளாஸ்டர் மேற்பரப்பும் பொடிப்பொடியாகும். உரிக்கக் கத்தி வேண்டாம். டப்பாவைத் தலைகீழாகத் தட்டி, ஜெல்லைக் கையாலேயே பிய்க்கலாம். குழந்தைகளுக்கு இந்தப் பகுதிதான் உயிர். கட்டைவிரல் பக்கத்தை மட்டும் பெரியவர் பார்த்துக்கொண்டு, விரல் இடுக்குகளில் பல்குத்தும் குச்சியால் மெதுவாகப் போகலாம். விரல் ஒடிந்தால் கவலை வேண்டாம், முறிவு சுத்தமாக இருந்தால் ஒரு துளி ஃபெவிக்விக் போதும், கோடு கூடத் தெரியாது. காற்று ஓட்டைகளுக்கு அந்த இடத்தை நனைத்து, மிஞ்சிய ஸ்டோன் பவுடரைக் குழைத்து அடைக்கலாம். காய்ந்த இடத்தில் ஈரக் கலவை வைத்தால் அதன் தண்ணீரை அது உறிஞ்சி, அடைப்பு உதிர்ந்துவிடும். மிச்சக் கலவையைச் சிங்கில் கழுவக் கூடாது. குழாய்க்குள் இறுகினால் பிளம்பர்தான். செய்தித்தாளில் கொட்டிக் காய வைத்துக் குப்பையில் போடலாம்.

இனி, கிட் வாங்கலாமா, தனித்தனியாக வாங்கலாமா? கணக்குப் பார்த்தால் தனித்தனியே வாங்குவதுதான் எங்கள் சிபாரிசு. சென்னையில் பல் மருத்துவர்களுக்குப் பொருள் விற்கும் 'டென்டல் டிப்போ'க்கள் நிறைய இருக்கின்றன, தெரிந்த பல் டாக்டரிடம் கேட்டால் அவரே எங்கே என்று சொல்லிவிடுவார். ஆல்ஜிடெக்ஸ், ஜெல்கன் (Zelgan) என்ற பெயர்களில் ஆல்ஜினேட் கிடைக்கும், கால்ஸ்டோன் என்று கேட்டால் டென்டல் ஸ்டோன். வாங்கும்போது 'ரெகுலர் செட்' என்று கேட்டு வாங்க வேண்டும். ஃபாஸ்ட் செட் சீக்கிரம் இறுகிவிடும், குழந்தையின் கைக்கு நேரம் கொடுக்காது. பல் மருத்துவப் பைகளில் காலாவதித் தேதி தெளிவாக அச்சாகியிருக்கும், பல கிட்டுகளில் அது இருப்பதில்லை. ஒரே ஒரு மாற்றம்: பையில் போட்டிருக்கும் அளவு வாயில் வழியாமல் நிற்பதற்காகக் கெட்டியாகக் கலக்கும் அளவு. கைக்கு மேலே சொன்ன 1:3 கணக்கில் தளர்த்த வேண்டும். பரிசாகக் கொடுக்கவோ, கடை தேட நேரமில்லாதவர்களுக்கோ கிட் சரி. அப்போதும் ஸ்டோனை மட்டும் தனியாக வாங்கிக்கொண்டு, பெட்டியில் வந்த பிளாஸ்டரைக் களிமண் தகட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

காய வைப்பதில் சென்னை மறுபடியும் குறுக்கே வரும். சித்திரை, வைகாசியில் நிழலில் ஃபேன் காற்றில் ஒரு வாரம் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு மூன்று வாரம் எடுக்கும். பார்க்கக் காய்ந்தது போல இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. சரியான வழி தராசு: இரண்டு நாள் இடைவெளியில் எடை மாறாமல் இருந்தால் காய்ந்தது. அவசரப்பட்டு ஓடிஜி மின் அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வைத்தால் பிளாஸ்டர் தன் கட்டமைப்புத் தண்ணீரையே இழந்து சுண்ணாம்புப் பொடியாக உதிரத் தொடங்கும். ஈரத்தோடு பெயின்ட் அடித்துக் கண்ணாடிக்குள் பூட்டியவர்களுக்குத்தான் இரண்டு மாதத்தில் கருப்புப் புள்ளிப் பூஞ்சை வருகிறது.

கிட்டில் வரும் தங்க பெயின்ட் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலும் மெல்லியது, நேரே அடித்தால் பிளாஸ்டர் குடித்துவிடும், திட்டுத்திட்டாக நிற்கும். ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து முதலில் ஒரு பூச்சு கொடுத்துவிட்டு, ஃபெவிக்ரில் மெட்டாலிக் அக்ரிலிக் இரண்டு பூச்சு அடித்தால் சீராக வரும். எங்களைக் கேட்டால் தங்கம் வேண்டாம். பளபளப்பு கண்ணைப் பறித்துக்கொண்டு ரேகையை மறைக்கிறது. வெள்ளையாகவே விட்டு, பக்கத்திலிருந்து விளக்கு விழும் இடத்தில் வைத்தால் உள்ளங்கையின் ஒவ்வொரு மடிப்பும் தெரியும். சட்டத்துக்கு, சாமி படங்களுக்கு பிரேம் போடும் கடையில் 'பாக்ஸ் ஃப்ரேம், உள்ளாழம் மூன்று இஞ்ச்' என்று கேட்டு, பின்பலகையை ஆணி அடிக்காமல் திறக்கும்படி வைக்கச் சொல்ல வேண்டும். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு, மழைக்காலத்துக்கு முன் மாற்றிக்கொள்ளலாம்.

முப்பரிமாணம் வேண்டாம், குழந்தையே செய்ய வேண்டும் என்றால் களிமண்தான் சிறந்தது. புரசைவாக்கத்தை ஒட்டிய கொசப்பேட்டையில் மண்பாண்டம், பொம்மை செய்பவர்களிடம் பிசைந்த களிமண் கேட்டுப் பார்க்கலாம். விநாயகர் சதுர்த்திக்கும் நவராத்திரிக்கும் முந்தைய வாரங்களில் போக வேண்டாம், அவர்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குச் சப்பாத்திக் கட்டையால் தேய்த்து, குழந்தை ஒரே அழுத்தில் கையைப் பதிக்க வேண்டும். இரண்டாம் அழுத்து கோட்டை இரட்டிக்கும். கையைச் சுற்றி வேப்பிலை, அரசிலை, நரம்பு புடைத்த அடிப்பக்கம் மண்ணில் படும்படி வைத்து உருட்டினால் ஓர் அழகான தகடு. மாட்டும் ஓட்டையை ஸ்ட்ராவால் இப்போதே போட்டுவிட வேண்டும். பிளாஸ்டிக் தாளைத் தளர்வாக மூடி மெதுவாகக் காய வைத்து, நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டால் வளையாது. சூளையில் சுட்டால்தான் நிலைக்கும், சுடாத மண் ஒரு மழைச் சாரலில் கரைந்துவிடும். சுட்டபின் பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அளவு மாறக் கூடாது என்பவர்கள், சுடாத ஈர மண் தகட்டையே அச்சாக வைத்துச் சுற்றி அட்டை வேலி கட்டி, கிட்டில் மிஞ்சிய பிளாஸ்டரை அதில் ஊற்றலாம். கை மேடாக எழும்பி வரும், அளவும் அப்படியே.

மைதா, உப்பு பிசைந்து செய்யும் உப்பு மாவை வெளிநாட்டுக் காணொளிகள் மிகவும் புகழ்கின்றன. சென்னைக்கு அது வேண்டாம். எத்தனை மணி நேரம் வேக வைத்தாலும் கடற்காற்றில் உப்பு ஈரம் இழுத்து வியர்க்கும், தகடு நமுத்து வளையும், எறும்பும் பூச்சியும் வரும். இரண்டு பாகம் கலந்து இறுகும் எபாக்சி களிமண்ணைக் குழந்தைக் கையில் கொடுக்கவே கூடாது.

மைப் பதிவு மட்டும் போதும் என்பவர்கள், அலுவலக ஊதா ஸ்டாம்ப் பேடைத் தவிர்த்து, கழுவினால் போகும் போஸ்டர் கலரைப் பஞ்சில் தொட்டு உள்ளங்கையில் ஒற்ற வேண்டும். பிரஷ்ஷில் அடித்தால் ரேகைப் பள்ளங்கள் நிரம்பிவிடும். 300 ஜி.எஸ்.எம். என்கிற கனமான தாளில் எடுத்தால் சுருங்காது, பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதத்துக்கென்றே கடைகள் இருக்கின்றன. சார்ட் பேப்பர் சில வருடத்தில் பழுத்துவிடும்.

வீட்டுக்கே வந்து அச்சு எடுத்துப் போய்ச் சட்டம் போட்டுத் தரும் சேவைகளும் நகரத்தில் பெருகியிருக்கின்றன. ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு இது நியாயமான வழி, தூங்கும் குழந்தையின் கால் அச்சை ஒரே முயற்சியில் எடுக்கக் கைப்பழக்கம் வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள். வார்ப்பு பிளாஸ்டரிலா, ஸ்டோனிலா? குழந்தை கையை இழுத்துவிட்டால் இன்னொரு முறை எடுப்பது கட்டணத்துக்குள் வருமா? எத்தனை நாள் காய வைத்துச் சட்டத்துக்குள் போடுகிறார்கள்? மழைக்காலத்தில் ஐந்து நாளில் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கே கொடுக்க வேண்டாம். பெயின்ட் பூசாத வார்ப்பாக ஒன்றைக் காட்டச் சொல்லிப் பார்த்தால் வேலைத்தரம் தெரிந்துவிடும். பூச்சு எல்லா ஓட்டையையும் மறைக்கும்.

450 கிராம் ஆல்ஜினேட் பை வாங்கினால் ஒரு சோதனை, ஒரு கை, தவறினால் இன்னொரு முயற்சி எல்லாவற்றுக்கும் போதும். மிச்சத்தை அதே பையில் காற்றை வெளியேற்றி மடித்து ரப்பர் பேண்ட் போட்டு, மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில் வைத்து, அடுப்பு ஆவி படாத அலமாரியில் வைக்கவும். அடுத்த பிறந்தநாளுக்கு எடுக்கும்போது பையில் உள்ள தேதியைப் பார்த்துவிட்டு, அந்த 10 கிராம் டம்ளர் சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும்.